மூன்றாவது வரியில் ஒரு தடுமாற்றம்

சாமு,

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை. காலை எட்டரை மணி. நூர்ஜஹான் டீச்சரின் வகுப்பு. உன் மகள் கிருபாவுக்கு அங்கே ஒரு இடம் அன்றுவரை காலியாக இருக்கும். இந்தக் கடிதத்தில் இதை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்தாலும் எனக்குச் சம்மதம். முக்கியமானதைக் கடைசியில் சொல்வது என் வழக்கம். இந்த முறை அதை மாற்றிக்கொண்டேன்.

மீதியை உன் வசதிப்படி படி. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் எனக்கு மத்தியானங்கள் முழுவதும் கிடைக்கின்றன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், கரும்பலகையில் எழுதுவதைப் போலப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிறேன். லில்லியைப் படித்துக் காட்டச் சொல்லாதே. உனக்கு வருகிற கடிதம், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் உன் மனைவிதான் படித்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு முன்பு அதை நான் செய்தேன். இருபத்தெட்டு வயதில், உனக்கென்று ஒருவர் எழுதிய கடிதத்தை நீயே படிப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் உன்னால் படிக்க முடியும் என்பதும் தெரியும். இவ்வளவு நீளமாக எழுதுவது கொடுமையோ என்றும் தோன்றுகிறது. ஆனால் நேரில் பேசினால் நானும் வகுப்பில் நிற்பவளைப் போலப் பேசிவிடுகிறேன், நீயும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாய்.

ஈஸ்டர் அன்று நீங்கள் மூவரும் செங்கல்பட்டுக்கு வந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு நீ கூடத்தில் படுத்துத் தூங்கிப்போனாய். லில்லி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கிருபா தன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “படிக்கட்டுமா ஆயா?” என்று கேட்டாள். அணில் பாடம். விரலை வரியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தாள். குரல் தெளிவாக இருந்தது. மூன்றாவது வரியில் ஓரிடத்தில் நின்றாள். ஒரு வார்த்தையைப் பாதி சொன்னாள், உதட்டைக் கடித்தாள், பிறகு முழுதாகச் சொல்லிவிட்டு மேலே போனாள். மிகச் சுலபமான வார்த்தை அது. அதற்கு முன்னால் வந்த கடினமான வார்த்தைகள் எதிலும் அவள் நிற்கவில்லை. அந்தத் தடுமாற்றத்தை எனக்குத் தெரியும். அது நான் செய்தது.

புத்தகத்தை வாங்கி, இன்னும் நடத்தாத ஒரு பாடத்தைத் திறந்து, இதில் அணில் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். அது அந்தப் பக்கத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. அவள் விரல் பக்கம் முழுக்கச் சுற்றியது. பிறகு படத்தைப் பார்த்தாள். படத்தில் அணில் இல்லை. “இந்தப் பாடத்த அப்பா இன்னும் சொல்லித் தர்லியே ஆயா” என்றாள். மூன்றாவது வரியில் ஏன் நின்றாய் என்று கேட்டேன். “அங்க கொஞ்சம் நிக்கணும்னு அப்பா சொல்லிச்சு. அப்பத்தான் டீச்சர் நம்புவாங்களாம்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆயாகிட்ட சொல்லக் கூடாதுன்னிச்சு.”

காலையில் லில்லி பாடத்தை ஒரு தரம் படிக்க, நீ பல் தேய்த்துக்கொண்டே கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டு, மாலையில் மகளை மடியில் வைத்து அதைச் சொல்லித் தருகிறாய் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, சாமு. உன் மகளுக்கு நீ உனக்குத் தெரிந்த ஒரே வழியைக் காட்டினாய். அந்த வழியைப் போட்டவள் நான்.

உனக்கு ஆறு வயதானபோது நடந்ததில் எவ்வளவு உன் நினைவில் இருக்கிறதோ தெரியாது. காலையில் எழுத்துக் கூட்டிப் படித்த வார்த்தையை, மாலையில் அதே பக்கத்தில் முன்பின் அறியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பாய். நான் பி.ஏ. படித்தவள். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். முதலில் சோம்பல் என்றேன். பிறகு கவனக்குறைவு என்றேன். மர ஸ்கேலால் உன் விரல் முட்டியில் அடித்தேன். அதை நீ மறந்திருப்பாய் என்று என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. தினமும் பள்ளியிலிருந்து வந்து, தோள் பையை இறக்குவதற்கு முன்பே “படிச்சியா?” என்று கேட்பேன். சாப்பிட்டாயா என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் வகுப்பு முடிகிற சமயம் உன் பள்ளித் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மரியாதையாக நாற்காலி கொடுத்தார். “உங்க ஆளுங்கள்ல நீங்க இவ்வளவு படிச்சதே பெரிசும்மா. பையனும் அப்படியே வரணும்னு போட்டுக் கஷ்டப்படுத்தாதீங்க” என்றார். என்னைப் புண்படுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே அது இன்றுவரை ஆறவில்லை. என் அப்பா அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர், சாகும்வரை கைநாட்டு வைத்தவர். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாங்கள் அந்த வயல் வரப்பிலிருந்து வெளியே வந்ததே எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான். ஒரே தலைமுறையில் அது என் பிள்ளையிடம் நின்றுபோனால், அந்தத் தலைமை ஆசிரியரைப் போன்ற எத்தனை நல்ல மனிதர்கள் தலையசைத்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். உனக்குப் படிக்க வராவிட்டால் போகட்டும். வராது என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

உன் காதுக்கு அபாரமான ஞாபகசக்தி இருந்தது. ஒரு பாடத்தை இரண்டு முறை படித்துக் காட்டினால் போதும், கமா புள்ளி தவறாமல் திருப்பிச் சொல்வாய். அதை வைத்துத்தான் உன்னைப் பழக்கினேன். விரலை எந்த வேகத்தில் நகர்த்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், பக்கத்தை எப்போது திருப்ப வேண்டும் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தடங்கலே இல்லாமல் படித்தால் சந்தேகம் வரும் என்று, மூன்றாவது வரியில் ஒரு சின்ன வார்த்தையில் தடுமாறவும் சொல்லிக் கொடுத்தேன். அது என் சொந்த யோசனை. அன்று அதை நினைத்து எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பதினோரு வயதில் சபையில் வேதம் வாசிக்கும் முறை உனக்கு வந்தது. ஒரு வாரம் முழுக்கப் பழகினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் போதகர் எழுந்து, இன்றைய செய்திக்குப் பொருத்தமாக வேறு அதிகாரத்தை வாசிக்கலாம் என்று அறிவித்து, அவரே புத்தகத்தை அந்த இடத்தில் திறந்து வைத்தார். நீ வெள்ளைச் சட்டையில் ஏறி நின்றாய். திறந்திருந்த பக்கத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டு, நான் பழக்கிய பழைய அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாய். மூன்றாவது வரியில் தடுமாறவும் செய்தாய். படிக்கத் தெரியாத கிழவிகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். போதகர் புத்தகத்தை மூடிவிட்டுச் செய்தியைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபடி உன்னைப் பிடித்து உலுக்கினேன். பாஸ்டர் மாற்றிச் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: “உழுந்துச்சும்மா. ஆனா அந்த அதிகாரம் எனக்குத் தெரியாதே.” கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது, சாமு. சோம்பலும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. உன் கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது, அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் கேட் திறந்தவுடன் நான் சொன்னது, “இனிமே கவனமா இரு” என்பதுதான். அந்த மாதத்திலிருந்து வேறு சபைக்குப் போக ஆரம்பித்தோம். உன் அப்பாவிடம் பழைய சபை தூரம் என்றேன். எட்டாம் வகுப்போடு நீ படிப்பை நிறுத்தியபோது எல்லோரிடமும் உனக்கு மெஷினில்தான் ஆசை என்றேன்.

இப்போது நூர்ஜஹான் டீச்சரின் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அதை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பினாய். நான் மூன்று நாள் உள்ளே உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை செய்யும் கணக்கு டீச்சர் தன் தங்கை மகன் அங்கே போவதாகச் சொன்னபோது, நான் நம்பிக்கையோடு போகவில்லை. யாரோ வெளிநாட்டுக்குப் போய் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்து, ஊருக்கு ஒரு புதுப் பைத்தியத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் டீச்சர் குடும்பத்தின் பழைய கிடங்கு. சுண்ணாம்பு அடித்து ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஒன்பது பிள்ளைகள். பெஞ்சு இல்லை, பிரம்பு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் ஈர மணல் பரப்பிய தட்டு. சிற்பப் பட்டறைகளில் மிஞ்சிய பலகைக் கற்களில் ஒரு சாண் உயரத்துக்கு எழுத்துகளைக் குழிவாகக் கொத்தி வாங்கி வைத்திருக்கிறார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குழியில் விரலை ஓட்டி, ஓட்டும்போதே அந்த ஓசையை வாய்விட்டுச் சொல்லி, பிறகு மணலில் எழுதுகிறார்கள். ஒரே எழுத்தை மூன்று நாள்.

நான் கணக்குப் போட்டேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, எழுத்துக்கு மூன்று நாள். ஞாயிறு, பண்டிகையெல்லாம் கழித்தால் மூன்று வருடம். இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எல்லாரும் முதல் நாள் இந்தக் கணக்கத்தாம்மா போடறாங்க. முதல் பத்து எழுத்துதான் மலை. அப்பறம் அதுங்களே இறங்கி ஓடும்” என்றார். இதுவரை எத்தனை பேருக்குக் குணமாயிற்று என்று கேட்டேன். குணமாகாது என்று நேராகச் சொன்னார். இது நோய் இல்லை, மந்தமும் இல்லை, மூளை எழுத்தை வாங்குகிற விதம் வேறு, அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், வேறு வழியில் சொல்லிக் கொடுத்தால் பழகும், சிலருக்கு நன்றாக, சிலருக்குச் சுமாராக என்றார். ஒரு பெயரை வைத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவள் அல்ல நான். ஆனால் நான் எத்தனை வருடம் வேறு பெயர்களை வைத்து உன்னை அடித்தேன் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள், என் பக்கத்தில் இருந்த மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னா ஆயா, ஒனக்கும் படிப்பு வர்லியா?” என்று கேட்டான். எனக்கு வரும் என்றேன். “அப்பறம் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?” என்றான். அவன் மணலை அழித்துத் தட்டை என் பக்கம் தள்ளினான். “பரவால்ல, எழுது. தப்பாப் போனா தட்டிவுட்டுடலாம்.” இதைத்தான் நான் மூன்று நாளில் அங்கே கற்றேன். அந்த ஒன்பது பேரில் ஒருவரும் தப்பை மறைக்கவில்லை. மறைக்க அங்கே தேவை இருக்கவில்லை.

அந்த வகுப்பின் விதி உனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நீ திரும்பினாய். வீட்டில் யார் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறாரோ அவர் வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது செய்வதையெல்லாம் செய்ய வேண்டும். இல்லையென்றால் காலையில் டீச்சர் கட்டியதை மாலையில் வீட்டில் பாசத்தோடு கலைத்துவிடுகிறார்களாம். உனக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். “நீங்க படிச்சவங்கம்மா. படிக்க வராம இருக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. யாரு சொல்லித் தர்றாங்களோ அவங்க வரட்டும்” என்றார். அப்போதாவது உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். என் மகனுக்குப் பட்டறையில் வேலை அதிகம், அவனுக்கு நேரம் இருக்காது என்றேன். அங்கேயும் மறைத்தேன். பழக்கம் என்னை விடவில்லை.

அடுத்த ஞாயிறு நீ வந்து வாசலில் நின்றபடியே சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் வைத்திருக்கிறேன். “என் பொண்ண இட்டுகினு போயி மக்குக் கொட்டாயில குந்த வெக்கணுமா? எனக்கும்தான் படிப்பு வர்ல. நான் இன்னா கெட்டுப் பூட்டேன்?” ஜூன் மாதம் அவளை ஹாஸ்டல் உள்ள பள்ளியில் சேர்க்கப்போவதாகவும், அங்கே கண்டிப்பு அதிகம் என்றும் சொன்னாய். அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

நீ கெட்டுப்போகவில்லை. திருப்போரூர்வரை பம்ப்செட் நின்றுபோனால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மூன்று வருடம் முன்பு பெரிய கம்பெனி வேலையில் உன்னை மேஸ்திரியாக்குகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோது, வெயில் ஒத்துக்கொள்ளாது என்று விட்டுவிட்டாய். மேஸ்திரி தினமும் ரிஜிஸ்டர் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போர்டைப் பார்க்காமல் கண்டக்டர் கூவும்வரை காத்திருக்கிறாய். கிருபா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று நர்ஸிடம் சொன்னாய். நீ கண்ணாடி போடுகிறவன் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக நீ ஒரு நாள்கூட விடாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறாய். எழுத்து வராததைவிட இந்தக் காவல்தான் உன்னை அதிகம் களைக்க வைத்திருக்கும். அந்த வேலையை ஏழு வயதுப் பெண்ணிடம் கொடுக்கப் போகிறோமே என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்டிப்பு அதிகமுள்ள இடத்தில் அவள் முதலில் கற்றுக்கொள்வது இன்னும் நன்றாக மறைப்பதைத்தான்.

லில்லியிடம் போன வாரம் பேசினேன். அவளுக்குத் தெரியாது என்று நீ நம்புகிறாய். பாடம் படித்துக் காட்டச் சொன்னால் உனக்குக் கண் வலி என்று அவள் நம்புகிறாள் என்று நினைக்கிறாய். “கண்ணாலம் ஆன மூணாம் மாசமே தெரியும் அத்தே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுரு வூட்டுலயும் நிம்மதியா இருக்க மாட்டாரு. அதான் கேக்கல” என்றாள். எட்டு வருடம். அவள் எட்டாவது படித்தவள். பி.ஏ. படித்த எனக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ சின்னவனாக இருந்தபோது இப்படி ஒரு வகுப்பு பக்கத்துத் தெருவிலேயே இருந்திருந்தாலும் உன்னைச் சேர்த்திருக்க மாட்டேன். யார் பார்ப்பார்கள், என்ன சொல்வார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். இந்த வகுப்பு கிருபாவுக்குப் பலன் தரும் என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. டீச்சருக்கு ஏதாவது ஆனால் கிடங்கைப் பூட்டிவிடுவார்கள். அங்கே படித்த பிள்ளையைப் பிறகு எந்தப் பள்ளி எந்த வகுப்பில் சேர்க்கும் என்றும் தெரியவில்லை. இவ்வளவு சந்தேகத்தோடும்தான் கேட்கிறேன். நீ அங்கே போய் மணலில் விரலை வைத்தால், உன் மகள் முதல் தடவையாக நீ தப்பாக எழுதுவதைப் பார்ப்பாள். நீ அதைத் தட்டிவிட்டு மறுபடி எழுதுவதையும் பார்ப்பாள். நான் உனக்குக் காட்டாதது அது.

இந்தக் கடிதம் பதினாறு தாள் வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. புரியாத இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. வரியின் மேல் விரல் வைத்துக்கொண்டு யாரும் பக்கத்தில் நிற்கவில்லை.

அன்று திருக்கழுக்குன்றம் வழியாக வரும் முதல் பஸ்ஸில் வருவேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன். கிடங்குக்கு எதிரே ஒரு பூவரச மரம் இருக்கிறது, அதன் அடியில் இருப்பேன். எட்டரைக்குச் சைக்கிள் மணி கேட்கவில்லை என்றால், உனக்கு விருப்பமில்லாததாலா, இந்தத் தாள்வரை வந்து சேர முடியாததாலா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் ஊர் திரும்புவேன். நீ வந்தால், கிருபாவை இறக்கிவிட்டு அவளோடு உள்ளே போ. எனக்காக நிற்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்தாயா என்று உன்னை நான் கேட்க மாட்டேன்.

அம்மா